துவக்கைக் கண்டால் கேள்வி கேட்கும் ஊர்

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஆஹென் ரயில் நிலையத்தில், ஒரு கையில் எலுமிச்சை ஊறுகாய்ப் பாட்டிலும் இன்னொரு கையில் ஜெர்மன் அகராதியுமாக நான் நின்றேன். இவள் ஒரு துப்பாக்கி விவகாரத்தில் தலையிடப் போகிறாள் என்று பார்த்தவர்கள் யாரும் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். நானும் பெரிதாக ஒன்றும் நினைக்கவில்லை. ‘முடியாது’ என்ற ஒரே சொல்லை, கேட்பவர் மனம் நோகாதபடி ஜெர்மன் மொழியில் எடுத்துச் சொல்ல வேண்டும். என் வேலை அவ்வளவுதான். அதற்காகப் போக இருநூற்று எழுபது கிலோமீட்டர், வர இருநூற்று எழுபது கிலோமீட்டர்.

1987 ஜூன் மாதம் அது. நான் மதுரைக்காரி. ஆஹென் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஆராய்ச்சிக்கு வந்து மூன்றாவது வருடம். முந்தைய குளிர்காலத்தில் ஒரு கருத்தரங்குக்காக பீலெஃபெல்ட் போயிருந்தேன். அங்கே டெலிபோன் கூண்டுக்குள் நின்று, மதுரையில் இருக்கும் அம்மாவுக்குக் கேட்க வேண்டுமே என்று கத்திக்கொண்டிருந்தபோது, வெளியே ஒரு அம்மாள் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு என்னையே பார்த்தாள். வெளியே வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு, “தமிழ்ப் பிள்ளையோ? வீட்டை வாங்கோ, சாப்பிட்டுட்டுப் போகலாம்” என்றாள். அவள்தான் புஷ்பம் அக்கா. யாழ்ப்பாணத்துக்காரி. அவள் கணவர் யோகநாதன் அண்ணை யாழ்ப்பாணத்தில் பஸ் சாரதியாக இருந்தவர். இருவரும் அகதி மனு போட்டுவிட்டு, பீலெஃபெல்டின் தெற்கு விளிம்பில், டொய்டோபுர்க் காட்டை ஒட்டிய ஒரு சிற்றூரில், பிரிங்மன் என்பவரின் வீட்டு மாடியில் குடியிருந்தார்கள். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று அண்ணை கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை.

நான் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை, என் விடுதிக்கு அக்கா போன் செய்தாள்.

“தங்கச்சி, இந்த மனுசனைத் துவக்குத் தூக்கச் சொல்லி வீட்டுக்காரர் கேட்டுட்டார்.”

யாழ்ப்பாணத் தமிழில் துவக்கு என்றால் துப்பாக்கி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “என்னக்கா சொல்றீங்க? துப்பாக்கியா? சீரியஸாவா?”

“ஓம். ஞாயிற்றுக்கிழமை ஊர்வலமாம். அடுத்த வியாழன் எங்களுக்கு விசாரணை டெர்மீன். துவக்கோடை இவரைப் பேப்பரிலை போட்டாங்கள் எண்டால் எங்கடை அன்ட்ராக் அவ்வளவுதான். எனக்கு உந்த டொச்சிலை ஏலாது எண்டு பக்குவமாச் சொல்லத் தெரியேல்லை. நீங்கள் வந்து சொல்லித் தாங்கோ.”

டொச் என்றால் ஜெர்மன், ஏலாது என்றால் முடியாது. டெர்மீன் என்றால் அவர்களுக்கு அலுவலகம் குறித்துக் கொடுத்த நாள். அன்ட்ராக் என்றால் அகதி மனு. கடைசி இரண்டு சொற்களையும் சொல்லும்போது அவள் குரல் தாழ்ந்துவிடும்.

காலை 7.40, கொலோன். ரயில் மாற வேண்டும். நடைமேடையில் பச்சைச் சீருடைப் போலீஸ்காரர் ஒருவர், மார்புக்குக் குறுக்கே இயந்திரத் துப்பாக்கியைத் தொங்கவிட்டபடி நின்றார். என் ரயில் அவருக்கு நேர் பின்னால். நான் என்ன செய்தேன்? தலையைக் குனிந்துகொண்டு, ஒரு பூக்கடையையும் இரண்டு தூண்களையும் சுற்றி, அவர் கண்ணில் படாமல் போய் ஏறினேன். ஒரு குற்றமும் செய்யாதவள்தான். இருந்தாலும் போலீஸைக் கண்டால் ஒதுங்கிப் போகும் கால் எனக்கு ஊரிலிருந்தே கூட வந்த கால். டிக்கெட் மாணவர் சலுகை போக முப்பது மார்க்குக்குச் சற்று மேல் ஆயிற்று. அந்தக் காசுக்கு ஜன்னலோர இருக்கை, சொன்ன நேரத்துக்குப் புறப்பாடு, சுத்தமான கழிவறை. இதையெல்லாம் எழுதினால் ஊரில் நம்ப மாட்டார்கள்.

காலை 10.15, பீலெஃபெல்ட். குன்றின் மேல் ஸ்பாரன்பர்க் கோட்டை வெயிலில் குளித்துக்கொண்டிருந்தது. யான்பிளாட்ஸ் என்ற சதுக்கத்திலிருந்து பஸ். அரை மணி நேரத்தில் கோதுமை வயல், குதிரை லாயம், சிவப்பு ஓட்டு வீடுகள். ஊரின் ஒவ்வொரு ஜன்னலிலும் பச்சை வெள்ளைக் கொடி. தெருவுக்குக் குறுக்கே தழை மாலைகள். நம்மூரில் சித்திரைத் திருவிழாவுக்குத் தோரணம் கட்டியது போல இருந்தது, ஒலிபெருக்கிதான் இல்லை.

அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். ஊறுகாயை வாங்கி வைத்த கையோடு, “வாங்கோ, முதல்லை சொல்லிப்போட்டுச் சாப்பிடுவம்” என்று கீழ் வீட்டுக்குள் இழுத்துப் போனாள்.

பிரிங்மன் ஐம்பது வயதைத் தாண்டியவர். செர்ரிப் பழம் பறிக்க ஏணி வைத்து ஏறி, ஏணியோடு விழுந்து, இடது கால் முழுக்க மாவுக்கட்டோடு சோபாவில் கிடந்தார். வலியைவிட வெட்கம் அதிகம் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவர் மனைவி ஹன்னலோரா கேக்கை அறுத்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். விஷயத்தை அவர்தான் விளக்கினார்.

இந்தப் பக்கத்து ஊர்களில் கோடைக்காலத்தில் குறிபார்த்துச் சுடுவோர் சங்கத்தின் திருவிழா நடக்கும். உயரக் கம்பத்தில் மரப் பறவை ஒன்றை வைத்துச் சுட்டு வீழ்த்துவார்கள். வீழ்த்தியவர் அந்த வருடத்து ராஜா. அதற்கு முன்னால் ஊர்வலம். தெருவுக்கு ஓர் அணி, மும்மூன்று பேராக வரிசை, தோளில் பழைய துப்பாக்கி. சுட முடியாத துப்பாக்கிதான். உள்ளே இருக்கும் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு, குழலுக்குள் ஈயத்தை உருக்கி ஊற்றி அடைத்திருப்பார்கள். ஒருவரால் வர முடியாவிட்டால், அதே கூரையின் கீழ் வசிக்கும் இன்னொருவர் அவர் துப்பாக்கியோடு நடக்க வேண்டும். வெளியாள் கூடாது. அப்படி யாரும் இல்லையென்றால் வரிசையில் அந்த இடம் காலியாகவே போகும். அவர்கள் தெருவின் வரிசை இதுவரை பல் விழுந்த வாயாக நடந்ததில்லையாம்.

“நீங்கள் நடக்கக் கூடாதா?” என்று ஹன்னலோராவைக் கேட்டேன்.

“பெண்கள் நடப்பதில்லை. கேக் சுடலாம்” என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. எங்கே போனாலும் இதே கதைதான் என்று நான் மனதுக்குள் முணுமுணுத்தேன்.

பிறகு என் வேலையை ஆரம்பித்தேன். பதினைந்து நிமிடம் பேசியிருப்பேன். அழைத்ததற்கு நன்றி, பெருமைதான், ஆனால் இவர்கள் நிலைமை, அடுத்த வாரம் விசாரணை, அகதி கையில் துப்பாக்கி என்றால் அதிகாரிகள் என்ன நினைப்பார்கள் என்றெல்லாம் வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது போல ஏற்றினேன். பிரிங்மன் குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்: “நான் அகதியைக் கேட்கவில்லை, அம்மா. என் மாடி வீட்டுக்காரரைக் கேட்கிறேன். அவர் முடியாது என்றால் முடியாதுதான். கேக் சாப்பிடுங்கள்.”

அதை நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் யோகநாதன் அண்ணை எழுந்துவிட்டார். “ஓம் எண்டு சொல்லுங்கோ தங்கச்சி. நான் நடக்கிறன்.”

“உங்களுக்கு விசரே?” என்று அக்கா வெடித்தாள். “பனைக்குக் கீழை இருந்து பால் குடிச்சாலும் கள்ளெண்டுதான் சொல்லுவாங்கள். டெர்மீனிலை ஆரும் படத்தைக் காட்டிக் கேட்டால் என்ன சொல்லப் போறியள்?”

“கூரையைத் தந்த மனுசன் கேக்கிறார். ஏலாது எண்டு எப்பிடிச் சொல்லுறது? கேட்டால் உள்ளதைச் சொல்லுவன்.”

“உள்ளதைச் சொல்லித்தான் அங்கை என்ரை தம்பி…” என்று தொடங்கிய அக்கா முடிக்கவில்லை. கேக் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் தம்பியை யாரோ துவக்கோடு சைக்கிளை மறித்துக் கேள்வி கேட்டார்கள் என்பதும், அவன் சொன்ன பதில் அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்பதும் எனக்கு முன்பே தெரியும். அதற்கு மேல் அவள் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

பகல் ஒன்றே கால். துப்பாக்கி வீட்டில் இல்லை! தோள்வாரைப் புதிதாகத் தைக்க நகரத்தில் ஒரு தோல் வேலைக்காரரிடம் கொடுத்திருந்தார்கள். சனிக்கிழமை இரண்டு மணிக்கெல்லாம் கடைகளைப் பூட்டிவிடுவார்கள். அடித்துப் பிடித்து மூவரும் ஓடினோம். அக்கா பையில் ஒரு பழைய நைலக்ஸ் சேலையை மடித்து வைத்துக்கொண்டாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

தோல் கடைக்காரர் துப்பாக்கியை மேசைமேல் வைத்தார். பழுப்பேறிய மரம், கருத்த இரும்பு, பளபளவென்று புதுத் தோல்வார். குழல் வாயில் காகிதத்தில் செய்த சிவப்புக் கார்னேஷன் பூ ஒன்று செருகியிருந்தது. நல்ல ரசனை என்று நினைத்துக்கொண்டேன். அண்ணை கை நீட்டவே கொஞ்ச நேரம் ஆயிற்று. தூக்கியதும், “சரியான பாரம்” என்று மட்டும் சொன்னார்.

வெளியே வந்ததும் அக்கா ஒரு சந்துக்குள் இழுத்தாள். சேலையை விரித்தாள். பூவைப் பிடுங்கிக் கைப்பைக்குள் போட்டாள். அது துருத்திக்கொண்டு நின்றால் சுற்ற முடியாதல்லவா? துப்பாக்கியைக் குழந்தையைத் துணியில் சுற்றுவது போலச் சுற்றி, முந்தானையால் முடிச்சுப் போட்டாள். மஞ்சள் நிறத்தில் ஊதாப் பூக்கள் போட்ட நைலக்ஸ். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். ஆனால் அப்போது எனக்கும் அதுவே புத்திசாலித்தனமாகப் பட்டது. நாங்கள் மூவரும் வளர்ந்த இடங்களில் ஆபத்தான பொருளை மறைத்துத்தான் பழக்கம்.

யான்பிளாட்ஸில் பஸ் ஏறினோம். நல்ல கூட்டம். அண்ணை நீளப் பொட்டலத்தைக் கால்களுக்கிடையே நிறுத்திப் பிடித்துக்கொண்டு, சாரதி பிரேக் போடும் விதத்தை ரசித்துக்கொண்டு வந்தார். “பாருங்கோ, ஒரு உலுப்பல் இருக்கே? காலிலை பஞ்சு கட்டின மாதிரியெல்லே அமத்துறார்.”

பக்கத்து இருக்கைப் பெரியவர் தொப்பியைத் தொட்டுக் கேட்டார்: “மன்னிக்கவும், இதற்குள் என்ன இருக்கிறது?”

வாயைக் கொடுத்து வம்பை வாங்குவதில் எனக்கு நிகர் நான்தான். “திரைச்சீலைக் கம்பி” என்றேன்.

நைலக்ஸ் வழுக்கும் என்பது எந்தப் பெண்ணுக்கும் தெரியும். ஒரு வளைவில் பஸ் திரும்பியபோது முடிச்சு அவிழ்ந்து, சேலை சரசரவென்று இறங்கியது. கருத்த குழலும் அதன் நுனியில் குறிமுனையும் ஒரு முழ நீளத்துக்கு வெளியே வந்தன. பெரியவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பேச்சுச் சத்தம் முன்வரிசைவரை ஒவ்வொரு இருக்கையாக அணைந்துகொண்டே போனது. சாரதி மேலே இருந்த கண்ணாடியில் பார்த்தார்.

பஸ் ஓரமாக ஒதுங்கி நின்றது. எஞ்சின் அணைந்தது. எல்லாக் கதவுகளும் ஒரே நேரத்தில் திறந்தன. யாரும் இறங்கவில்லை, யாரும் அசையவில்லை. வியாழக்கிழமை விசாரணை, இன்று போலீஸ், நாளை விமானத்தில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள் என்று மனசு தறிகெட்டு ஓடியது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் சதையில் பதிந்தது.

அண்ணையின் முகம்தான் விசித்திரமாக மாறியிருந்தது. அவர் எங்களைப் பார்க்கவில்லை, சாரதியின் முதுகையே பார்த்தார்.

“எஞ்சினை நிப்பாட்டிப் போட்டார்” என்றார் மெதுவாக. “கதவைத் திறந்து விட்டிருக்கிறார், சனம் ஓடட்டும் எண்டு. நானும் இப்பிடித்தான் செய்தனான். பஸ்ஸுக்கை துவக்கோடை ஏறினவங்களைக் கண்ணாடியிலை பாத்த உடனை… அந்தச் சீட்டிலை இருக்கேக்கை முதுகு எப்பிடிக் கூசும் எண்டு எனக்குத் தெரியும், தங்கச்சி.”

நான் விளக்கம் சொல்ல எழுந்தேன். அவர் கையைக் காட்டி உட்கார வைத்தார். “நீங்கள் பேசாமல் இருங்கோ. இது சாரதியும் சாரதியும் கதைக்கிற விசயம்.”

சேலையை முழுவதும் உருவினார். துப்பாக்கியை இருக்கைகளுக்கு நடுவே தரையில் படுக்க வைத்தார். கைகளை விரித்துக் காட்டியபடி பின்னால் நகர்ந்து நின்றார். தனக்குத் தெரிந்த ஜெர்மன் சொற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பொறுக்கிச் சொன்னார்: “நானும் பஸ் சாரதி. இலங்கை. பயம் வேண்டாம். இது காலி. பிரிங்மன் வீடு. ஊர்வலம். மன்னிப்பு.”

சாரதி எழுந்து வந்தார். நாற்பது வயதிருக்கும், அடர்ந்த மீசை. குனிந்து, குழலுக்குள் விரலை விட்டு ஈயத்தைத் தொட்டுப் பார்த்தார். தாழ்ப்பாள் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, “பூ எங்கே?” என்று கேட்டார்.

நான் மொழிபெயர்த்தேன். அக்கா கைப்பையைத் திறந்து, நசுங்கிப்போன காகிதப் பூவை எடுத்து நீட்டினாள். பஸ் முழுவதும் ஒரு பெருமூச்சு விட்டது. பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள், அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். சாரதி மட்டும் சிரிக்கவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“பூ இருந்தால் அது அடைத்த துப்பாக்கி என்று ஊருக்கே தெரியும்” என்றார். “திறந்து கொண்டுவந்திருந்தால், எந்த அணி என்று கேட்டிருப்பேன். நீங்கள் சொல்லியிருப்பீர்கள். அதோடு முடிந்தது. மூடிக்கொண்டு வந்தால் நான் என்னவென்று நினைப்பது?” பிறகு அண்ணையைப் பார்த்து, “சரி, எந்த அணி?” என்றார்.

“காட்டுத் தெரு அணி” என்றார் அண்ணை, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

சாரதி பூவை நீவிச் சரிசெய்து அவரே குழலில் செருகி, துப்பாக்கியை எடுத்து அண்ணை கையில் கொடுத்தார். அத்தனை பயந்த மனிதர் ஒரு சுடுசொல் சொல்லவில்லை, போலீஸைக் கூப்பிடவில்லை. எனக்கு அவர் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போல இருந்தது. திரைச்சீலைக் கம்பிப் பெரியவர் மட்டும் கடைசிவரை என்னை மன்னிக்கவில்லை.

பிற்பகல் மூன்று மணி. பஸ் நிறுத்தத்திலிருந்து வீடு ஒரு கிலோமீட்டர்கூட இராது. போய்ச் சேர ஒரு மணி நேரம் பிடித்தது. காரணம் கேள்விகள்! துப்பாக்கியைத் தோளில் வெளிப்படையாகச் சுமந்துகொண்டு அந்தத் தெருவில் நடந்தால், கேட்பதற்கு எல்லோருக்கும் உரிமை உண்டு. சுமப்பவர் நிற்க வேண்டும், துப்பாக்கியின் அடிக்கட்டையைத் தரையில் ஊன்ற வேண்டும், முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். பதில் சொல்லாமல் நடந்தால் அது பெரிய அவமரியாதை. இந்த வழக்கத்தை எங்களுக்குச் சொல்லித் தந்தவர் வேலியோரம் ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றிய ஒரு அம்மாள். “நில்லுங்கள், நில்லுங்கள், நான் இன்னும் கேட்கவே இல்லை!” என்று குழாயைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

யாருடைய துப்பாக்கி? பிரிங்மன் கால் எப்படி இருக்கிறது? செர்ரியை ஏன் இவ்வளவு சீக்கிரம் பறித்தார்? நீங்கள் எந்த நாடு? அங்கே மழையா வெயிலா? ஏன் வலது தோளில் வைத்திருக்கிறீர்கள், இடது தோளல்லவா? இதற்கு முன் சுட்டதுண்டா? கடைசிக் கேள்விக்கு அண்ணை ஒவ்வொரு முறையும் நின்று, “இல்லை. பஸ் மட்டும்தான்” என்றார். கேட்டவர்கள் தலையாட்டி ஏற்றுக்கொண்டார்கள். பதிலைச் சந்தேகிப்பதும் முறையில்லை போலும்.

எல்லாக் கேள்வியும் இனிப்பாக இருக்கவில்லை. தேவாலயத்துக்கு எதிரே, நீண்ட தலைமுடியும் சட்டையில் போர் எதிர்ப்புச் சின்னமுமாக ஒரு இளைஞன் வழிமறித்தான். “பூ வைத்தால் ஆயுதம் ஆயுதமில்லை என்றாகிவிடுமா? இதைத் தூக்க உங்களுக்கு வெட்கமாக இல்லை?”

நான் சூடாகப் பதில் கொடுக்க வாயெடுத்தேன். அண்ணை கட்டையை ஊன்றி நின்று, கேள்வியை என்னிடம் இரண்டு முறை கேட்டுத் தெளிந்துகொண்டார். பிறகு சொன்னார்: “ஓம் தம்பி, வெக்கமாத்தான் கிடக்கு. பயமாயும் கிடக்கு. கால் உடைஞ்ச மனுசனுக்காகத் தூக்கிறன். திங்கட்கிழமை திருப்பிக் குடுத்திடுவன்.”

சொன்னது சொன்னபடி மொழிபெயர்த்தேன். அவன் சண்டைக்குத் தயாராக வந்தவன், இதை எதிர்பார்க்கவில்லை. அப்புறம் கையை நீட்டிக் குலுக்கிவிட்டு, “எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் பதில் சொன்னதற்கு நன்றி” என்று போனான். அவனும் நல்ல பிள்ளை. எனக்குத்தான் அவசரம்.

அதுவரை ஒரு வார்த்தை பேசாமல் வந்த அக்கா, வீட்டு வாசலில் வந்து நின்றுவிட்டாள்.

“தங்கச்சி, கவனிச்சனீங்களே? அங்கை துவக்கு வைச்சிருக்கிறவன் கேப்பான், வெறுங்கையோடை நிக்கிற நாங்கள் பதில் சொல்லோணும். இஞ்சை வெறுங்கைக்காரர் எல்லாரும் கேக்கினம். துவக்கு வைச்சிருக்கிற மனுசன் நிண்டு நிண்டு பதில் சொல்லுது.” சேலையை மடித்தபடியே சொன்னாள். கண் நிறைந்துவிட்டது. “என்ரை தம்பி உந்த ரோட்டாலை சைக்கிளிலை போயிருக்கோணும்.”

அவளைக் கட்டிக்கொண்டேன்.

ஞாயிறு காலை பத்து மணி. பிரிங்மனின் பச்சைச் சட்டைக்குள் இரண்டு யோகநாதன் அண்ணைகள் தாராளமாக நுழையலாம். அக்கா சட்டைக் கைகளை மடித்து ஊசி குத்தினாள், முதுகில் இரண்டு மடிப்புப் பிடித்துத் தைத்தாள். நசுங்கிய காகிதப் பூவை எடுத்து வீசிவிட்டு, தோட்டத்தில் மலர்ந்திருந்த பெரிய பியோனிப் பூவை ஹன்னலோராவிடம் கேட்டு வாங்கி, தன் கையாலேயே குழலில் செருகினாள். “விழாமல் இறுக்கி வைச்சிருக்கிறன். குனிஞ்சு கினிஞ்சு போடாதேங்கோ.”

எக்காளமும் முரசும் முன்னால் போக, மும்மூன்று பேராக அணிகள் வந்தன. பியர் தொப்பையர்கள், பேக்கரிக்காரர், பள்ளித் தலைமை ஆசிரியர், எல்லோரும் ஒரே நடை. நான்காவது வரிசையின் நடுவில் எங்கள் அண்ணை. கால் தப்பவில்லை. மாவுக்கட்டுக் காலை நாற்காலியில் நீட்டியபடி வாசலில் உட்கார்ந்திருந்த பிரிங்மன், வரிசை கடந்தபோது எழுந்து நிற்க முயன்று, முடியாமல், தொப்பியை மட்டும் கழற்றினார். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை ஹன்னலோரா பார்க்காதது போல இருந்தார்.

அப்போதுதான் கேமராவோடு ஒரு இளம்பெண் ஓடி வந்தாள். உள்ளூர்ப் பத்திரிகைக்காரி. அக்கா எதற்காகப் பயந்தாளோ அது நேரே வந்து நின்றது. நான் தடுக்கப் போனேன். எனக்கு முந்தி அக்கா அவள் முன்னால் போய் நின்றாள். இரண்டு வருடத்தில் அவள் சேர்த்து வைத்த ஜெர்மன் மொழி முழுவதும் வெளியே வந்தது.

“என் கணவர். என்ன எழுதுவீர்கள்?”

“எந்த அணி, யாருக்குப் பதிலாக நடக்கிறார் என்று எழுதுவேன். சம்மதம் இல்லையென்றால் எடுக்கவில்லை” என்றாள் அந்தப் பெண்.

அக்கா யோசித்தாள். பிறகு சொன்னாள்: “எடுங்கள். பூ தெரிய வேண்டும். பூ இல்லாமல் போடக் கூடாது.”

மாலை 5.20. கிளம்பும்போது பொட்டலத்தில் புட்டு, ஹன்னலோராவின் கேக், தோட்டத்துச் செர்ரி. அண்ணை பஸ் நிறுத்தம்வரை வந்தார், வெறும் தோளோடு. “துவக்கு இல்லாமல் நடக்க ஒருத்தரும் ஒண்டும் கேக்கினமில்லை, பாருங்கோ” என்று சிரித்தார்.

கொலோனில் அதே நடைமேடை, இயந்திரத் துப்பாக்கியோடு வேறொரு போலீஸ்காரர். பூக்கடைப் பக்கம் திரும்பிய காலைப் பிடித்து நிறுத்தினேன். நேரே அவரிடம் போனேன். “வணக்கம். இதில் குண்டு இருக்கிறதா?” என்று கேட்டேன். என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது. அவர் நிமிர்ந்து நின்றார். “இருக்கிறது, அம்மா. ரயில் நிலையப் பாதுகாப்புக்காக. வேறு ஏதாவது தெரிய வேண்டுமா?” என்றார். வேண்டாம் என்று நன்றி சொன்னேன். நல்ல பயணம் அமையட்டும் என்றார். மதுரையில் லத்தி வைத்திருக்கும் போலீஸ்காரரிடம் மணி என்ன என்று கேட்கக்கூட எனக்குத் தைரியம் வந்ததில்லை. திரும்பிப் போனால் கேட்டுப் பார்க்க வேண்டும். என்ன ஆகும் என்று தெரியவில்லை. ரயிலில் ஆஹென்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

இதோடு கட்டுரையை முடித்திருப்பேன். வியாழன் மாலை விடுதித் தொலைபேசி அடித்தது. அக்கா இல்லை, அண்ணை.

“விசாரணை முடிஞ்சுது, தங்கச்சி. முடிவு தபாலிலை வருமாம்.”

“என்ன கேட்டாங்க அண்ணை?”

“எல்லாம் கேட்டவை. கடைசியா, எப்பவாவது ஆயுதம் தூக்கினனீங்களோ எண்டு கேட்டார் அதிகாரி. நான் ஓம் எண்டிட்டன்.”

“ஐயையோ!”

“மொழிபெயர்க்க வந்த தம்பியும் அப்பிடித்தான் துள்ளினவர். வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ அண்ணை எண்டார். யோசிச்சுத்தான் சொல்லுறன், போன ஞாயிற்றுக்கிழமை, இஞ்சைதான், ஈயம் அடைச்சது, பூ வைச்சது எண்டு சொன்னன். புஷ்பம் பேப்பரிலை வந்த படத்தையும் மேசையிலை எடுத்து வைச்சிட்டா. அந்த மனுசன் பேனையை வைச்சிட்டுப் படத்தையே பாத்துக்கொண்டு இருந்தார்.”

“அப்புறம்? என்ன சொன்னார்?”

“ஒண்டும் சொல்லேல்லை. கேட்டார்.”

“என்ன கேட்டார்?”

“எந்த அணி எண்டு.”

நான் சிரித்தேனா அழுதேனா என்று இப்போது நினைவில்லை. “சொன்னீங்களா?”

“சொல்லாமல்? எழும்பி நிண்டு சொன்னனான். கேட்டால் நிண்டு பதில் சொல்லோணுமெல்லே.”